397இல் பட்டை வரவில்லை: எஃப்ஏகே ஆன்டிபாடி பற்றி டர்பன் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். சேலத்திலிருந்து முனைவர் பட்டத்துக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கும் ஒரு தம்பி, உணவுக்குழாய்ப் புற்றுநோய்ச் செல்கள் எப்படி நகர்ந்து பரவுகின்றன என்று ஆராய்கிறார். அதற்காக எஃப்ஏகே என்கிற புரதத்துக்கு இரண்டு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிக்கும் புரதங்கள், வாங்கியிருக்கிறார். ஒன்று அந்தப் புரதம் எந்த நிலையில் இருந்தாலும் பிடிப்பது. இன்னொன்று அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 397ஆவது இடத்தில் உள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் பிடிப்பது. புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் செய்ததில் முதலாவது 125 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நல்ல பட்டை காட்டுகிறது, கூடவே 90க்குப் பக்கத்தில் இன்னொரு பட்டையும் வருகிறது. இரண்டாவதில் மூன்று முறை செய்தும் வெள்ளைத்தாள்தான். "அக்கா, பாட்டில் வழியிலேயே கெட்டுப்போயிருக்குமா? பேராசிரியரிடம் மறுபடி பணம் கேட்க வாய் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய செய்முறையில் ஒரு வரி இருக்கிறது: டிரிப்சின் என்ற நொதியை விட்டுச் செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்து, சுழற்றி அடியில் சேர்த்து, கழுவி, அப்புறம் புரதங்களை எடுக்கச் செல்களை உடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுக்க அந்த வரியின் மேல்தான். உங்கள் ஆன்டிபாடி அநேகமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதனிடம் கேட்ட நேரத்தில் அந்த பாஸ்பேட் அங்கே இல்லை.

ஏன் என்று புரிய, இந்தப் புரதம் செல்லில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கல்யாணத்துக்கு வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துணியைத் தாங்குவது கம்பம் என்றாலும், கடற்காற்றுக்குப் பந்தல் பறக்காமல் நிற்பது தரையில் அடித்த முளைகளாலும் அவற்றில் இழுத்துக் கட்டிய கயிறுகளாலும்தான். செல்லும் அப்படித்தான் நிற்கிறது. உள்ளே ஆக்டின் இழைகள் கயிறு. வெளியே ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் விரித்த தரை. சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் இன்டெக்ரின் தரையைப் பிடிக்கிறது. உட்பக்கத்தில் டாலின், வின்குலின், பாக்சிலின் எல்லாம் சேர்ந்து கயிற்றை அதோடு முடிகின்றன. பாக்சிலின் என்ற பெயரே சிறு முளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இந்த முளை இருக்கும் இடத்துக்கு ஃபோகல் அட்ஹீஷன் என்று பெயர். அங்கே உட்கார்ந்துகொண்டு, கயிறு இறுகியதா தளர்ந்ததா என்று செல்லின் உள்ளே செய்தி அனுப்பும் கைனேஸ்தான், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதிதான், எஃப்ஏகே.

செய்தி அனுப்பும் முறை இப்படி. சும்மா இருக்கும்போது எஃப்ஏகேவின் முன்பகுதி, ஃபெர்ம் என்பார்கள், மடங்கி வந்து கைனேஸ் பகுதியை மூடிக்கொண்டிருக்கும். இன்டெக்ரின் தரையைப் பிடித்ததும் மடிப்பு விரிகிறது. எஃப்ஏகே தன் 397ஆம் டைரோசினில் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் சார்க் என்கிற இன்னொரு கைனேஸ் வந்து ஒட்டிக்கொண்டு, 576, 577 ஆகிய டைரோசின்களிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது. அதன் பிறகுதான் எஃப்ஏகே முழு வேகத்தில் வேலை செய்யும். ஆக, 397தான் முதல் படி. அந்த ஒரு குறியைப் பார்த்தால் முளை தரையில் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் டிரிப்சினுக்கு வாருங்கள். செல்லைத் தரையிலிருந்து பெயர்ப்பது என்றால் எல்லா முளையையும் ஒரே நேரத்தில் பிடுங்குவது. பிடுங்கிய பிறகு செல்லில் இருக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகள் 397இல் இருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். நீங்கள் சுழற்றி, கழுவி, உடைப்பதற்குள் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. சார்க் எப்போதும் முடுக்கிவிடப்பட்ட நிலையில் உள்ள சில புற்றுநோய்ச் செல்களில் மிதக்கும்போதும் கொஞ்சம் பாஸ்பேட் மிஞ்சும். சாதாரணமாக ஒட்டி வளரும் செல்லில் அது நன்றாகவே விழுந்துவிடும். புரதம் மட்டும் எங்கும் போவதில்லை, அதனால்தான் உங்கள் முதல் ஆன்டிபாடிக்குப் பட்டை வந்தது.

சரி, என்ன செய்வது? தட்டிலேயே உடையுங்கள். ஊட்டக் கரைசலைக் கொட்டிவிட்டு, தட்டை ஐஸ் மேல் வைத்து, பனிக்கட்டிக் குளிர்ச்சியில் இருக்கும் பஃபரால் ஒருமுறை அலசி, உடைக்கும் கரைசலை நேரே ஊற்றி, ஸ்கிரேப்பரால் வழித்தெடுங்கள். அதைவிட உறுதியான வழி, கொதிக்கச் சூடாக்கிய எஸ்டிஎஸ் (புரதங்களை விரித்துச் செயலிழக்கச் செய்யும் சோப்பு மாதிரிப் பொருள்) சாம்பிள் பஃபரை நேரே செல்கள் மேல் ஊற்றுவது. பாஸ்பட்டேஸ் எதுவும் மூச்சுவிட நேரமிருக்காது. புரத அளவு பார்ப்பது சிரமமாகும், ஆனால் குறி தங்கும். முதல் முறை செய்யும்போது நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

குளிர்ந்த கரைசலில்தான் உடைக்கப் போகிறீர்கள் என்றால் பாஸ்பட்டேஸைத் தடுக்கச் சேர்க்கும் சோடியம் ஆர்த்தோவனடேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆய்வகங்களில் தூளைக் கரைத்து அப்படியே பயன்படுத்திவிடுகிறார்கள். அது சரியாக வேலை செய்யாது. 200 மில்லிமோலார் கரைசலின் பிஹெச்சை 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி பிஹெச்சைப் 10க்குச் சரி செய்து, மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். கரைசல் நிறமற்று நிலைத்தால்தான் வனடேட் தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கிறது, டைரோசின் பாஸ்பட்டேஸைத் தடுக்கும். இன்னொன்று, கரைசல்களில் வழக்கமாகச் சேர்க்கும் இடிடிஏவும் டிடிடியும் வனடேட்டின் பிடியைத் தளர்த்திவிடும். உங்கள் உடைக்கும் கரைசலில் இடிடிஏ எவ்வளவு இருக்கிறது என்று புட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம், ஆன்டிபாடி மெம்பிரேனில் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் மறைப்புக் கரைசல். நீங்கள் பால் பவுடர் போட்டிருக்கிறீர்கள். பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடிக்கு 5 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்த ஆல்புமின்) போடுங்கள், ஆன்டிபாடியையும் அதிலேயே கரைத்து 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். பின்னணி கொஞ்சம் அழுக்காக வந்தாலும் பரவாயில்லை.

இதெல்லாம் செய்து பட்டை வந்துவிட்டது என்று வையுங்கள். அது 397தான் என்று எப்படி நம்புவீர்கள்? உண்மையில் எனக்கு அக்கறை இந்தக் கேள்வியில்தான். பட்டை வராதபோது எல்லோரும் ஆன்டிபாடியைச் சந்தேகிக்கிறோம். பட்டை வந்துவிட்டால் யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகப்பட வேண்டிய நேரம் அதுதான்.

டர்பனுக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. வேறொரு கைனேஸுக்கு முயலிலிருந்து எடுத்த, பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல் ஒன்று வைத்திருந்தோம். அழகான ஒற்றைப் பட்டை. ஆறு மாதம் அதை வைத்து அளந்தேன். பாட்டில் தீர்ந்து, அதே எண் போட்ட அடுத்த பாட்டில் வந்தபோது பட்டை இடம் மாறியிருந்தது. வேறொரு முயல், வேறொரு கலவை. அப்புறம்தான் ஆர்என்ஏ குறுக்கீடு செய்து பார்த்தேன். பழைய பாட்டிலின் அழகான பட்டை, அந்த மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைத்தாலும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஆறு மாத அளவுகளை நோட்டில் குறுக்குக்கோடு போட்டு அடித்தேன். முதல் வாரத்திலேயே அந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

இது என் ஒருத்தியின் கதை என்று நினைக்காதீர்கள். 2023இல் மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஒரு திறந்த அறிவியல் குழு 65 மனிதப் புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை ஒரே முறையில் சோதித்து வெளியிட்டது. அந்தந்தப் புரதம் உள்ள செல்லையும், மரபணுவை நீக்கிய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டில் தோற்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாகப் பன்னிரண்டு ஆய்வுக்கட்டுரைகள், அந்தப் புரதத்தைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடியை வைத்து வெளியாகியிருந்தன. அந்தப் பன்னிரண்டு கட்டுரைகளுக்குப் பின்னால் எத்தனை மாணவர்களின் எத்தனை வருடம் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

உங்கள் விஷயத்தில் நம்பிக்கை வைக்க நல்ல வழிகள் இருக்கின்றன. மொத்த எஃப்ஏகே ஆன்டிபாடிக்கு, எஃப்ஏகே இல்லாத செல்தான் கடைசித் தீர்ப்பு. 1995இலேயே எஃப்ஏகே மரபணு நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். கரு எட்டு எட்டரை நாளிலேயே இறந்துவிட்டது, ஆனால் அந்தக் கருவிலிருந்து எடுத்த நார்ச்செல்கள் இன்றுவரை ஆய்வகங்களில் வளர்கின்றன. அந்தச் செல்கள் மெதுவாக நகர்ந்தன, முளைகளோ குறையாமல் இன்னும் அதிகமாக இருந்தன. எஃப்ஏகே முளையை அடிப்பதற்கு மட்டுமல்ல, பிடுங்கி அடுத்த அடி எடுத்து வைப்பதற்கும் வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் மனிதச் செல்களில் மரபணு நீக்கம் இப்போதைக்கு முடியாது என்றால் ஆர்என்ஏ குறுக்கீடு போதும். 48 முதல் 72 மணி நேரம் காத்திருங்கள். பட்டை குறைய வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃப்ஏகேவுக்கு பிஒய்கே2 என்று ஒரு தங்கை உண்டு. அளவு சுமார் 116 கிலோடால்டன், ஜெல்லில் கிட்டத்தட்ட அக்காவின் பக்கத்திலேயே நிற்கும். எஃப்ஏகேவின் 397க்கு ஈடாக அதில் 402ஆம் டைரோசின், சுற்றியுள்ள வரிசையும் ஒத்தது. எஃப்ஏகே நீக்கிய எலிச்செல்களில் இந்தத் தங்கையின் அளவு ஏறிவிடுகிறது. எனவே நீக்கிய செல்லில் பாஸ்போ ஆன்டிபாடி ஒரு பட்டை காட்டினால் அது பிஒய்கே2வாக இருக்கலாம். எட்டு சதவீத ஜெல்லில் நிதானமாக ஓட்டினால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

பாஸ்போ ஆன்டிபாடிக்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை, உங்கள் தவறையே கருவியாக்குவது. செல்களைப் பெயர்த்து, டிரிப்சினை அடக்கி, சீரம் இல்லாத கரைசலில் ஒரு மணி நேரம் மிதக்க விடுங்கள். ஒரு பங்கை அப்படியே உடையுங்கள். ஒரு பங்கை ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டில் போட்டு அரை மணி கழித்து உடையுங்கள். இன்னொரு பங்கைப் பாலிலைசின் பூசிய தட்டில் போடுங்கள். பாலிலைசினில் செல் மின்னூட்டத்தால் ஒட்டும், இன்டெக்ரின் வழியாக அல்ல. மூன்றிலும் மொத்த எஃப்ஏகே ஒரே அளவு, 397 பட்டை ஃபைப்ரோனெக்டினில் மட்டும் பளிச்சென்று ஏறினால், அந்த ஆன்டிபாடி எதைப் பார்க்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கூடவே எஃப்ஏகேவைத் தடுக்கும் மருந்து ஏதாவது ஒன்று, பிஎஃப் 573228 மாதிரி, போட்ட ஒரு தட்டும் வையுங்கள். 397 விழ வேண்டும், மொத்தம் அசையக் கூடாது. லாம்டா பாஸ்பட்டேஸ் இருந்தால் மெம்பிரேனில் ஒரு துண்டை வெட்டி அதில் ஊற வைத்துப் பார்க்கலாம். அந்தத் துண்டில் பட்டை மறைய வேண்டும்.

90க்குப் பக்கத்தில் வரும் அந்த இரண்டாவது பட்டைக்கு வருவோம். அது ஆன்டிபாடியின் குற்றம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எஃப்ஏகேவைச் செல்லுக்குள்ளேயே இரண்டு கத்திகள், அதாவது புரதம் வெட்டும் புரோட்டியேஸ் நொதிகள், வெட்டுகின்றன. கால்பெயின் வெட்டினால் முன்பக்கத் துண்டு சுமார் 90, செல் சாகும்போது கேஸ்பேஸ் வெட்டினால் சுமார் 85. வால் துண்டு 35, 40 என்று வரும். உங்கள் ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதிக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். முன்பகுதி என்றால் 90 பட்டைக்கு அர்த்தம் இருக்கிறது: செல்கள் சாகத் தொடங்கியிருக்கலாம், அல்லது புரோட்டியேஸ் தடுப்பான் போட மறந்திருக்கலாம். வால் பகுதி என்றால் இந்த வெட்டுகளால் 90 வராது, அப்போது வேறு ஏதோ ஒன்றை அது பிடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். வால் ஆன்டிபாடிக்கு இன்னொரு பட்டையும் வரக்கூடும். எஃப்ஏகேவின் வால் மட்டும் தனிப் புரதமாக, எஃப்ஆர்என்கே என்ற பெயரில், 41 முதல் 43 கிலோடால்டனில் சில செல்களில் உருவாகிறது. மென்தசைச் செல்களில் அதைப் பார்க்கலாம்.

எல்லாக் குழியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றினோமா என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டைக்கு வின்குலின் வேண்டாம். அளவு எஃப்ஏகேவோடு மோதும், அதுவும் முளையிலேயே இருக்கும் புரதம். ஜிஏபிடிஹெச் போதும்.

இனி வாங்கும் விஷயம். இங்கே ஒரு 100 மைக்ரோலிட்டர் பாட்டில் பல ஆயிரம் ராண்ட். விலங்குப் பொருள் என்பதால் இறக்குமதி அனுமதித்தாள் வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி டர்பன் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஊரில் இருப்பவர்கள் மாதிரி நாளைக்கு இன்னொன்று வரவழைத்துப் பார்க்கலாம் என்று இருக்க முடியாது. அதனால் வாங்குவதற்கு முன் யோசிப்பது நமக்கு இரட்டிப்பு அவசியம். என் ஆலோசனை நேரானது: ரீகாம்பினன்ட் மோனோகுளோனல், அதாவது மரபணுவை வைத்துத் தயாரித்த ஒரே வகை ஆன்டிபாடி, கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் மரபுவரிசை தெரியும், வளர்ப்புச் செல்லில் தயாரிக்கிறார்கள், எனக்கு நடந்ததுபோல முயல் மாறி பட்டை மாறாது. நான் சொன்ன 2023 சோதனையிலும் பாலிகுளோனலைவிட அவைதான் நன்றாக நின்றன. மரபணு நீக்கிய செல்லில் எடுத்த படத்தைத் தாளில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் கடிதம் எழுதிக் கேளுங்கள். சிறிய அளவு பாட்டில் இருந்தால் முதலில் அதை.

மோனோகுளோனல் என்றதும் ஒரு சின்னச் செய்தி. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் அந்த முறையைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் ஜெர்னேவோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். காப்புரிமை எதுவும் எடுக்கப்படவில்லை, அதனால்தான் உலகம் முழுக்க அவ்வளவு வேகமாகப் பரவியது. அவர்கள் வேலை செய்த அதே ஆய்வகத்தில் அப்போது இருந்தவர், சில ஆண்டுகளில் அதன் இயக்குநரே ஆனவர், சிட்னி பிரென்னர். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனில் 1927இல் பிறந்தவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன், ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உங்கள் பாட்டில் எந்த விமானத்தில் இறங்குகிறதோ, அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்தான் ஜெர்மிஸ்டன். எனக்கு இது எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

வழியில் கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டீர்கள். ஒரு நாள் வெப்பத்தில் ஆன்டிபாடி அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. அதைக் கொல்வது உறைந்து உருகி, உறைந்து உருகி வரும் சுழற்சி. 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். 50 சதவீதம் கிளிசரால் உள்ள ஆன்டிபாடி மைனஸ் 20இல் உறையாது, மின்சாரம் நாலு மணி நேரம் போனாலும் அதற்குப் பெரிய சேதம் இல்லை. கிளிசரால் இல்லாததை வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். பனி சேராத வகை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். தெர்மகோல் பெட்டிக்குள் ஜெல் கட்டிகளோடு வைத்து, அந்தப் பெட்டியை ஃப்ரீசருக்குள் வைத்தால் டர்பன் கோடையிலும் தாங்கும். முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைக் காட்டும், ஹெச்ஆர்பி நொதி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியில் மட்டும் சோடியம் அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) கலக்காதீர்கள், அந்த நொதி செயலிழந்துவிடும்.

நுண்ணோக்கிப் படம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிளாட்டில் நன்றாக வரும் ஆன்டிபாடி படத்திலும் வரும் என்று நம்ப முடியாது, தனியாகச் சோதிக்க வேண்டும். ஃபாலாய்டினால் ஆக்டினைச் சிவப்பாகவும் 397ஐப் பச்சையாகவும் சாயம் ஏற்றினால், சிவப்பு இழைகள் முடியும் நுனிகளில் பச்சைக் கோடுகள் தெரிய வேண்டும், கயிற்று நுனியில் முளை மாதிரி. செல் முழுக்கப் பச்சை மஞ்சு பரவியிருந்தால் அந்தப் படத்தை அளக்காதீர்கள்.

இந்த வாரம் புதுப் பாட்டில் எதுவும் வேண்டாம். ஆறு குழித் தட்டு ஒன்று, ஃபைப்ரோனெக்டின், பாலிலைசின், கொதிக்கும் சாம்பிள் பஃபர், இவ்வளவு போதும். செல்களைக் காலையில் பெயர்த்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் கைக்கு வந்துவிடும். எஃப்ஏகே நீக்கிய எலிச்செல்லின் உடைத்த கரைசல் என் மைனஸ் 80 ஃப்ரீசரில் சில குழாய்கள் இருக்கின்றன. எங்கள் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஐஸ் பெட்டியோடு வந்தால் இரண்டு குழாய் தருகிறேன். உங்கள் ஆன்டிபாடியின் தாளையும் கையோடு எடுத்து வாருங்கள், அது எந்தப் பகுதிக்கு எதிரானது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.